இருபத்தோராவது கோப்பை

உருத்திரபுரம்
24.02.2025

அன்புள்ள நிசாந்தினி ரீச்சருக்கு,

குசினி வடிவம்மா எழுதுவது. நான் சுகம். என் வீட்டுக்காரர் சுடலைமுத்து சுகம். பள்ளிக்கூடக் கிணறு, வேப்பமரம், அதிபர் வீரகத்தி சேர், எல்லாம் சுகம். உங்கள் சுகத்தை நீங்களே எழுதுங்கள். அதையும் நான் எழுதினால் கை நோகும்.

மாதம் ஒரு கடிதம் எழுதாவிட்டால் படித்த எழுத்தெல்லாம் துருப்பிடித்துவிடும் என்று பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனீர்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளை, நாற்பத்தொன்பது வயதில் பிடித்து இரட்டைக்கோட்டுக் கொப்பியில் எழுத வைத்த ஆள் நீங்கள். அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். ஆனால் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினால் அடுத்த கடிதம் வராது. இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள் இடத்துக்குப் புது ரீச்சர் வந்துவிட்டா. பெயர் கஜேந்தினி. வயது இருபத்தெட்டு. உங்களைப் போல் இல்லை, சிரிப்பா. பிள்ளைகளோடு நிலத்தில் பாய் போட்டு இருப்பா. நீங்கள் எட்டு வருடமாகத் தேடிய அந்தத் தோல் கிழிந்த மத்தளத்தைச் சேருடைய அலுமாரிக்குப் பின்னால் இருந்து இரண்டாம் நாளே எடுத்துவிட்டா. சாப்பாடு மட்டும் நம்முடைய பானையில் இல்லை. வீட்டிலிருந்து பெட்டியில் கொண்டு வருவா. அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை.

இனிச் சொல்லப் போவதைக் கதிரையில் இருந்து வாசியுங்கள். யதுர்ஷிகா வாய் திறந்துவிட்டாள்!

காலையில் பிள்ளைகளின் பெயர் வாசித்து இடாப்புக் கூப்பிட்டு முடிந்ததும், இன்றைக்கு எத்தனை சாப்பாடு என்று நீங்கள் துண்டில் எழுதி அவள் கையில் கொடுத்து விடுவீர்களே, அதைப் பார்த்து நான் உலையில் அரிசி போடுவேனே, அந்த வேலை இந்த வருடமும் அவளுக்குத்தான். ஆனால் இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பேசாது என்று புது ரீச்சருக்கு யாரும் சொல்லவில்லை. துண்டு எழுதுகிற கதையும் தெரியாது. "ஓடிப் போய்க் குசினியில சொல்லு, இருபது" என்று வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறா. போத்தலில் தண்ணீர் எடுக்கத் தானும் பின்னால் வந்திருக்கிறா. அப்போதுதான் இவள் குசினி வாசலில் நின்று, "இருபத்தொண்டு" என்றாள். கணீர் என்று.

"இருபது எல்லோ சொன்னனான்?" என்றா ரீச்சர். அவ்வளவுதான், யதுர்ஷிகாவின் வாய் திரும்பவும் பூட்டு. ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன, சேர் அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் கஜேந்தினி ரீச்சருக்குக் கைதட்டச் சொன்னார். வந்து மூன்று கிழமையில் செய்த சாதனையாம். நானும் தட்டினேன். அகப்பைக் கையால் தட்டினால் சத்தம் அதிகம்.

உங்களுக்கு வயிறு எரிகிறதா? எரிந்தால் மோர் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி
வடிவம்மா


செட்டிகுளம்
11.03.2025

அன்புள்ள வடிவம்மா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து நன்றாக இருக்கிறது. சிவப்புப் பேனையை மேசை லாச்சிக்குள் பூட்டிவிட்டேன்.

யதுர்ஷிகா பேசிய செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உண்மையிலேயே மகிழ்ச்சி. மோர் தேவைப்படவில்லை.

சில விடயங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தெரிந்துகொள்ள மட்டும்தான். அவள் "இருபத்தொண்டு" என்று சொன்னபோது யாரைப் பார்த்துச் சொன்னாள்? குரல் எப்படி இருந்தது? அதற்குப் பிறகு வேறு ஏதாவது பேசினாளா? அக்கா, இரண்டு வருடம் நான் அந்தப் பிள்ளைக்காகக் கைப்பாவை செய்தேன், படஅட்டை வெட்டினேன், கண்ணாடியின் முன் நிறுத்தினேன். தாயைக் கெஞ்சிக் கேட்டு, கூலி வேலையை விட்டுவிட்டுக் கிளிநொச்சிக் கிளினிக்குக்கு நாலு தரம் கூட்டிப் போக வைத்தேன். ஒவ்வொரு காலையும் துண்டில் தொகை எழுதி, மடித்து, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை நானே மூடிவிடுவேன். இருநூறு துண்டுக்கு மேல் எழுதியிருப்பேன். ஒரு துண்டுகூட எழுதாத ஒருவருக்கு அவள் வாய் திறந்தாள் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்சக் காலம் எடுக்கும்.

இன்னொன்று. அவள் என்னிடம் நூறு வரை பிழையில்லாமல் எண்ணியவள். வாயால் அல்ல, புளியங்கொட்டையால். இருபதை இருபத்தொன்று என்று சொல்வது எனக்குப் புதுமையாக இருக்கிறது. சிரிக்கிற ரீச்சர் அதைக் கவனிப்பது நல்லது.

அவ பிள்ளைகளின் பானையில் சாப்பிடுவதில்லையா? நான் எட்டு வருடம் அந்தச் சோறுதான் சாப்பிட்டேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். குசினியில் சபூறா ராத்தா என்று ஒருவர் இருக்கிறா. கௌபிப் பயறை அவித்துத் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டுத் தருவா. அப்படி ஒரு கௌபியை நான் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை.

அன்புடன்,
நிசாந்தினி


உருத்திரபுரம்
08.04.2025

அன்புள்ள ரீச்சருக்கு,

வாழ்நாளில் சாப்பிட்டதில்லையா? அப்படியென்றால் எட்டு வருடமாக வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் உங்களுக்குப் போட்டது என்ன, கூழாங்கல்லா? இரண்டாம் தரம் கேட்டு வாங்குவீர்களே, அது யார், உங்கள் சித்தியா?

எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சபூறா ராத்தாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். கௌபியை ஊறப் போடுவாவா, அப்படியே அவிப்பாவா? அப்படியே அவித்தால் பிள்ளைகளுக்கு வயிறு ஊதும். எனக்கென்ன, உங்கள் பிள்ளைகள், உங்கள் வயிறு. சுடலைமுத்துவிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "நல்லாச் சமைச்சா நல்லா எண்டுதானே எழுதுவினம்" என்றது மனிசன். இரண்டு நாள் பழைய சொதிதான் கிடைத்தது.

இனிப் பள்ளிக்கூடக் கதை. இவள் தினமும் வருகிறாள், தினமும் ஒன்று கூட்டிச் சொல்கிறாள். ரீச்சர் பதினெட்டு என்று அனுப்பினால் இங்கே பத்தொன்பது. இருபது என்று அனுப்பினால் இருபத்தொன்று. கஜேந்தினி ரீச்சர் ஒரு நாளும் ஏசவில்லை. தென்னோலை கிழித்து ஈர்க்கு எடுத்து, பத்துப் பத்தாகக் கட்டி, அவளையும் சேர்த்து அன்றைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஈர்க்கு வைத்து, அவளோடு இருந்து எண்ணுவா. பாயில் எண்ணும்போது சரி. குசினிக்கு வந்தால் ஒன்று கூட. தன்னை இரண்டு தரம் எண்ணுகிறாளாக்கும் என்பது ரீச்சரின் முடிவு. அதற்காக அவள் பெயர் எழுதிய சிவப்பு ஈர்க்கு ஒன்று தனியாகச் செய்து கொடுத்திருக்கிறா. அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. நான் ஒரு தேங்காய் உடையாவிட்டால் மூன்று தலைமுறையைத் திட்டுகிறவள்.

யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று கேட்டிருந்தீர்கள். துண்டைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி எழுதத்தான் இருக்கிறேன். ஆனால் விறகு பச்சை, அடுப்பு புகைகிறது, கண் எரிகிறது. பிறகு எழுதுகிறேன்.

புதுவருடத்துக்கு ஊருக்கு வந்தால் குசினிப் பக்கம் வராதேங்கோ. இங்கே கூழாங்கல்தான் கிடைக்கும்.

வடிவம்மா


செட்டிகுளம்
16.06.2025

அன்புள்ள அக்கா,

புதுவருடத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் பஸ் போகும், அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு என்னால் பஸ்ஸுக்குள் இருக்க முடியாது.

சபூறா ராத்தா ஊறப் போட்டுத்தான் அவிப்பா.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். என் இடமாற்றத்துக்கு மேன்முறையீடு போட்டிருக்கிறேன். சரி வந்தால் ஜனவரியில் உருத்திரபுரத்துக்குத் திரும்பி வருவேன். வெறுமனே வர விருப்பம் என்று எழுதினால் அந்தக் கடதாசியில் வடை சுற்றுவார்கள், காரணம் வேண்டும். ஆகவே காரணம் எழுதினேன். இரண்டு வருடம் நான் தனிக்கவனம் எடுத்த ஒரு மாணவி, இப்போது கணிதத்தில் பின்தங்குகிறாள். இருபது வரையான எண்ணிக்கையில்கூடத் தினமும் தவறுகிறாள். முன்னைய ஆசிரியரின் கவனிப்பு அவளுக்குத் தேவை. இப்படித்தான் எழுதினேன்.

பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் உங்கள் கடிதத்தில் உள்ளவை. கஜேந்தினி ரீச்சர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அவ இளம் வயது, வேறு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும். சிரிக்கிறவர்களுக்கு எங்கேயும் இடம் உண்டு.

நான் செய்தது பிழை என்று நினைக்கிறீர்களா? நினைத்தால் எழுத வேண்டாம்.

நிசாந்தினி


உருத்திரபுரம்
14.07.2025

ரீச்சர்,

நினைக்கிறேன். எழுதுகிறேன்.

போன கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சேருக்குக் கடிதம் வந்தது, விளக்கம் கேட்டு. சேர் கஜேந்தினி ரீச்சரைக் கூப்பிட்டார். கதவு சாத்தவில்லை, எனக்கு இங்கே கேட்டது. "பின்தங்குறாளோ, சேர்? நான் ஒவ்வொரு நாளும் அவளோட இருக்கிறனானே." பிறகு அந்தப் பிள்ளை (எனக்கு அவ பிள்ளைதான்) குசினிக்கு வந்து விறகுக் குத்தியில் இருந்து அழுதா. மூக்கைச் சீறுவதற்குத் துணி கேட்டா. பானை பிடிக்கிற துணியைத்தான் கொடுத்தேன். முகமெல்லாம் கரி. அப்போதும் சிரிப்பு வந்தது எனக்கு. பிறகு சிரிக்க முடியவில்லை.

செப்டெம்பரில் ஒரு அதிகாரி வருவாராம். யதுர்ஷிகாவை முன்னால் நிறுத்தி எண்ணச் சொல்வாராம். ரீச்சர், சேட்டுப்பையில் மூன்று பேனை குத்திய மனிதன் முன்னால் நின்று அவள் எண்ணுவாளா? திறந்த வாயும் மூடிப் போகும்.

அதனால் அடுப்புப் புகைகிற கதையை இனிச் சொல்ல ஏலாது. கேளுங்கள்.

அவள் புது ரீச்சருக்காக வாய் திறக்கவில்லை. அவள் முதலாம் வகுப்பில் இருக்கும்போதே என்னோடு பேசினவள்.

முதல் நாள் நடந்தது இது. நான் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். துண்டை நீட்டினாள். "என்ரை கையப் பார், பிள்ளை. நீயே வாசிச்சுச் சொல்லு" என்றேன். பேசாத பிள்ளை என்பது அந்த நேரம் மறந்து போயிற்று. அவள் துண்டை விரித்துப் பார்த்து, "இருபத்திரண்டு" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வாயால்தான் சொன்னாள். நீங்கள் மடித்து விரல் மூடிக் கொடுத்த துண்டுகளை நான் அடுப்பில்தான் போட்டேன். தொகை மட்டுமா? அவர்கள் வீட்டுக் கோழி எத்தனை முட்டை இட்டது, தம்பிக்காரன் எங்கே விழுந்தான், எல்லாம் சொல்வாள். மணி அடித்தால் வாயைப் பூட்டிக்கொண்டு ஓடுவாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் நாள் இடைவேளையில் சொல்ல வந்தேன். நீங்கள் மேசையில் கைப்பாவை தைத்துக்கொண்டு இருந்தீர்கள். பயிற்சிக் கல்லூரி, பெரிய பெரிய புத்தகம், எல்லாம் படித்த ஆளுக்குத் திறக்காத வாய், மூன்றாம் வகுப்புக்காரிக்குத் திறந்திருக்கிறது. அந்த நினைப்பு எனக்கு நல்லாக இருந்தது. தோடம்பழ இனிப்பைக் கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு திரிவது போல. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இரண்டு வருடம் போயிற்று.

கிளினிக்குப் போன நாலு நாளும் எனக்கு நித்திரை இல்லை. அதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

மேன்முறையீட்டில் அவள் பெயரை எடுத்துவிடுங்கள், ரீச்சர். பிறகு என்னை என்ன வேண்டுமென்றாலும் ஏசுங்கள்.

வடிவம்மா


செட்டிகுளம்
21.07.2025

வடிவம்மா அக்காவுக்கு,

நாலு தரம். அதிகாலை பஸ்ஸில் அந்தத் தாய் நாலு தரம் போனா. ஒவ்வொரு தரமும் ஒரு நாள் கூலி போயிற்று. மூன்றாம் தரம் போய் வந்து, "ரீச்சர், என்ரை பிள்ளை ஊமையோ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நானும் அழுதேன். அப்போது நீங்கள் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தீர்கள். சீனி போதுமா என்று கேட்டீர்கள்.

உங்களுக்கு எழுதப் படிப்பித்தவள் நான். என்னிடமிருந்து மறைத்ததை எனக்கே எழுதுவதற்கு அது பயன்பட்டிருக்கிறது.

மேன்முறையீட்டை மாற்ற மாட்டேன். அவள் யாரோடு பேசினாள் என்பது வேறு விடயம். எண்ணிக்கை தினமும் பிழைக்கிறது என்பது வேறு விடயம். அது என் பொறாமை அல்ல, கணக்கு. பழைய ரீச்சரிடம் சரியாக எண்ணியவள் புது ரீச்சரிடம் பிழையாக எண்ணுகிறாள். அதிகாரி வந்து பார்க்கட்டும்.

இனி எழுத வேண்டாம். எழுத்து துருப்பிடித்தால் பிடிக்கட்டும்.

நிசாந்தினி


உருத்திரபுரம்
19.08.2025

ரீச்சர்,

எழுத வேண்டாம் என்றீர்கள். போன் எடுத்தேன், பதினொரு தரம். பன்னிரண்டாம் தரம் எடுத்தபோது, "அவ இல்லை எண்டு சொல்லச் சொன்னவ" என்றா ஒரு அம்மா. சபூறா ராத்தாவாக இருக்க வேண்டும். நல்ல மனிசிதான், பொய் சொல்லத் தெரியவில்லை. கௌபிக் கோபத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

ஏச்செல்லாம் எனக்குக் காணாது, இன்னும் ஏசலாம். ஏனென்றால் நான் இன்னொன்றும் மறைத்தேன். அது முந்தியதை விடக் கேவலம்.

எண்ணிக்கை பிழை என்று எழுதினீர்கள். பிழை இல்லை.

பெப்ரவரியில் அவள் "இருபத்தொண்டு" என்ற அன்றைக்கு, நான் இருபத்தொரு சோற்றுக் கோப்பைதான் கழுவி வைத்தேன். இருபது பிள்ளைகளுக்கும் சோறு போட்டு முடிய ஒரு கோப்பை மிச்சம். புது ரீச்சருக்காக்கும் என்று கொண்டு போனேன். "நான் வீட்டிலயிருந்து கொண்டு வந்தனான், அக்கா" என்றா. அடுத்த நாளும் ஒன்று மிச்சம். மூன்றாம் நாள் இவளைப் பிடித்துக் கேட்டேன்.

"ஆருக்கடி அந்த ஒண்டு?"

"ரீச்சருக்கு."

"அவா சாப்பிடமாட்டா எண்டு தெரியும்தானே?"

"இந்த ரீச்சர் இல்லை. அந்த ரீச்சர்."

நீங்கள் துண்டில் பிள்ளைகளின் தொகையோடு உங்களையும் ஒன்று கூட்டி எழுதுவீர்கள், நினைவிருக்கிறதா? நம்முடைய பானையில் சாப்பிட்ட ஒரே ரீச்சர் நீங்கள்தானே. அவள் இரண்டு வருடம் எனக்கு வாசித்துச் சொன்ன தொகை எல்லாம் உங்களோடு சேர்த்துத்தான். நீங்கள் போன பிறகும் அவள் உங்களைக் கழிக்கவில்லை. அவ்வளவுதான் விடயம். "அவா வந்தா பசிக்கும்தானே" என்றாள். அதோடு சோறு அள்ளப் போய்விட்டாள்.

முதல் கடிதத்தை நான் எழுதியது அதற்குப் பிறகுதான். அதில் "ஒன்று கூடினால் என்ன" என்று தெரிந்துகொண்டேதான் எழுதினேன். ஏன்? சொல்கிறேன். என் அடுப்படியில் நின்று, என்னோடு மட்டும் கதைக்கிற பிள்ளை, என் சோற்றில் உங்களுக்குப் பங்கு வைக்கிறாள். பதினொரு வருடமாக அந்தக் குசினியில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் நான். பானையை வழித்துத்தான் சாப்பிடுவேன். எனக்கு என்று ஒரு கோப்பை யாரும் எண்ணிச் சொன்னது கிடையாது. வயிறு எரிந்தது, ரீச்சர். உங்களுக்கு மோர் குடிக்கச் சொன்னேனே, எனக்கு ஒரு எருமையின் மோர் முழுதும் காணாது.

அந்தச் சோற்றை நாய்க்கும் போடவில்லை. நானே சாப்பிட்டேன். ஆறு மாதம், ஒரு நாள் விடாமல். சட்டை எல்லாம் இறுக்கம்.

இன்றைக்குக் காலையில் கஜேந்தினி ரீச்சருக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். அவ அந்தச் சிவப்பு ஈர்க்கை மேசையில் வைத்து விரலால் உருட்டினா. பிறகு, "அப்ப அவள் என்னோட ஒரு நாளும் கதைக்கயில்லை, என்ன அக்கா?" என்று கேட்டா. இப்போது நாம் மூன்று பேர், ரீச்சர், ஒரு பிள்ளைக்கு வயிறு எரிகிறவர்கள்.

அதிகாரி செப்டெம்பர் கடைசியில் வருகிறார்.

வடிவம்மா


செட்டிகுளம்
29.08.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளும் இருந்தார்கள். இடாப்பில் முப்பது என்று எழுதிவிட்டேன். யாரை விட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

துண்டில் ஒன்றைக் கூட்டி எழுதியது நான். அந்த ஒன்று நான்தான் என்பது எனக்கே நினைவுக்கு வரவில்லை. அவளுடைய பிழை என்று நம்ப எனக்கு விருப்பமாக இருந்தது. புது ரீச்சரின் பிழை என்று நம்ப இன்னும் விருப்பமாக இருந்தது. பெப்ரவரியிலிருந்து அந்தப் பிள்ளை எனக்காகச் சோறு சொல்லிக்கொண்டிருக்க, நான் அதையே அவளுடைய குறையாக எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று அரை நாள் லீவு எடுத்துக் கல்வி அலுவலகத்துக்குப் போய் மேன்முறையீட்டைத் திரும்பப் பெற்றேன். அவள் பெயர் உள்ள பந்தியை மட்டும் வெட்டலாம் என்று எழுதுவினைஞர் சொன்னார். முழுவதையும் கேட்டு வாங்கினேன். அதிகாரி இனி வரமாட்டார். வீரகத்தி சேருக்கு நானே கடிதம் எழுதிவிட்டேன். கஜேந்தினி ரீச்சருக்கும் எழுதியிருக்கிறேன். அதை எழுதத்தான் அதிக நேரம் எடுத்தது. கடதாசியில் நாலு ஒற்றை கிழித்தேன்.

ஜனவரியில் வரமாட்டேன். இங்கே றிஃப்னா என்று ஒருத்தி இருக்கிறாள். வாய் மூடவே மாட்டாள். வாரம் ஒரு தரமாவது "நீங்க போயிருவீங்களா, டீச்சர்?" என்று கேட்பாள். இதுவரை பதில் சொல்லாமல் இருந்தேன்.

உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அந்தத் தாயிடம் நாம் இரண்டு பேரும் போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் பேசுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

செப்டெம்பர் பன்னிரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, லீவு போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் வருகிறேன். இடாப்புக் கூப்பிடுவதற்கு முன்பு வந்துவிடுவேன். அவளிடம் சொல்ல வேண்டாம்.

எனக்குப் பசிக்கும்.

நிசாந்தினி

பி.கு: சபூறா ராத்தா உங்களுக்கு ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் தந்து விட்டிருக்கிறா. அதைச் சாப்பிட்டுவிட்டுக் கௌபிச் சண்டையைத் தொடரலாம்.


உருத்திரபுரம்
15.09.2025

அன்புள்ள நிசாந்தினி ரீச்சருக்கு,

ஊறுகாய் பரவாயில்லை. உப்புத்தான் கொஞ்சம் அதிகம். சபூறா ராத்தாவுக்கு அப்படியே சொல்லுங்கள், அவவும் கொஞ்சம் எரியட்டும்.

யதுர்ஷிகாவின் தாய் நேற்று என் வீட்டுக்கு வந்தா. வெள்ளிக்கிழமை நாம் போய்ச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் இருந்தாவே, அந்த ஏச்செல்லாம் நேற்று வந்தது. முழுதும் கேட்டேன். முடிந்த பிறகு தேநீர் குடித்தா. சீனி போதுமா என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை குசினியில் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. பிள்ளைகள் உங்களைப் பாயில் விழுத்தி, மேலே ஏறி இருந்தார்கள். அதனால் எழுதுகிறேன்.

கஜேந்தினி ரீச்சர் அன்றைக்கு, "இருபத்தொண்டு எண்டு சொல்லு" என்றுதான் அனுப்பினா. அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்தா. இவள் வாசலில் நின்று, "இருபத்தொண்டு" என்றாள். ரீச்சர் குனிந்து, "கெட்டிக்காரி. இண்டைக்குத்தான் சரியாச் சொல்லியிருக்கிறாய்" என்றா.

பூட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் ரீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எல்லா நாளும் சரியாத்தான் சொன்னனான்."

ரீச்சர், அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. உங்களைப் பார்த்தும் சொல்லவில்லை. கஜேந்தினி ரீச்சரின் முகத்தைப் பார்த்து, பட்டப்பகலில், கோபத்தோடு! அவ என்ன செய்தா தெரியுமா? பானை பிடிக்கிற துணியை எடுத்து முகத்தில் வைத்தா. திரும்பவும் கரி. நீங்கள் சாப்பிட வந்தபோது, ஏன் கஜேந்தினி ரீச்சரின் மூக்குக் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டீர்களே, அதுதான் காரணம்.

நீங்கள் உங்கள் கோப்பையில் சாப்பிட்டதை நான் பார்த்தேன். வியாழக்கிழமைக் கௌபியை உங்களுக்காக வெள்ளிக்கிழமை அவித்தேன், இரண்டாம் தரம் கேட்டு வாங்கினீர்கள். அதை நான் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

இன்றைக்குத் திங்கள். இருபது பிள்ளைகளும் வந்திருந்தார்கள். இவள் ஓடி வந்து, "இருபத்தொண்டு" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ரீச்சர்தான் வந்து சாப்பிட்டிட்டுப் போயிட்டாவே. இனி ஆருக்கடி?"

பச்சை விறகைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் சாப்பிடுறனீங்கள்தானே. வேணாமோ?"

வேண்டும் என்றேன். கோப்பையைக் கழுவி, மற்ற இருபதோடும் வரிசையில் வைத்தேன். பானையை இன்றைக்கு நான் வழிக்கவில்லை.

ஆகவே, ரீச்சர், இருபத்தோராவது கோப்பை இனி என்னுடையது. மனம் பொறுக்கவில்லை என்றால் மேன்முறையீடு போடுங்கள்.

வடிவம்மா